விழுந்ததை எண்ணினால் போதுமா? இராணுவ விமான விபத்து வீதம் கணிக்கும் முறை

டித்வா புயல் வெள்ளம் வடிந்து கிளிநொச்சியில் வகுப்புகள் மறுபடி தொடங்கிய நேரம். உயர்தரக் கணித வகுப்பில் பின்வாங்கிலிருந்து ஒரு பெடியன் கேட்டான்: "சேர், இந்த பெல் ஹெலி ராசியில்லாத சாமானோ? மே மாசம் மாதுறு ஓயாவில ஒண்டு விழுந்தது. இப்ப லுணுவிலவில இன்னொண்டு."

அவன் சொன்ன தரவு சரி. 2025 மே 9 அன்று மாதுறு ஓயா நீர்த்தேக்கத்தில் விழுந்த விமானப்படையின் பெல் 212 இல் ஆறு பேர் இறந்தார்கள். நவம்பர் 30 அன்று வெள்ள நிவாரணப் பணியில் இருந்த இன்னொரு பெல் 212 லுணுவிலவில் விழுந்து அதன் விமானி இறந்தார். ஒரே ஆண்டு, ஒரே வகை, இரண்டு விபத்து. ஆனால் இதிலிருந்து "ராசியில்லாத சாமான்" என்ற முடிவுக்குப் போக நடுவில் ஏழெட்டுப் படிகள் இருக்கின்றன. அவற்றைக் கரும்பலகையில் காட்ட மூன்று வகுப்புகள் பிடித்தன. அதைத்தான் இங்கே எழுதிவைக்கிறேன். ஒரு கொப்பியும் கல்குலேட்டரும் போதும். எக்செல் இருந்தால் வேலை சுருங்கும்.

வன்னியில் என் வயதுக்காரருக்கு விமானம் என்பது முதலில் ஒரு சத்தம். கிபிரா (போர் ஜெட்), சகடையா (சரக்கு விமானம்), வண்டா (ஆளில்லா வேவு விமானம்) என்று காதாலேயே பிரித்து, பங்கருக்குள் இறங்க எத்தனை செக்கன் இருக்கிறது என்று கணக்குப் போட்டவர்கள் நாங்கள். அந்தப் பழக்கத்தில் விமானம் விழுந்த செய்தியை எவரும் இங்கே வெறும் தரவாகக் கேட்பதில்லை. கணக்குப் போட உட்காரும் ஒரு மணி நேரத்துக்காவது அப்படிக் கேட்கப் பழக வேண்டும்.

படி 1: எது விபத்து, எது விபத்தில்லை

எண்ணத் தொடங்குமுன் வரைவிலக்கணத்தை எழுதிவிடுங்கள். எண்ணிய பிறகு எழுதினால் மனம் விரும்பிய பக்கத்துக்கு வரைவிலக்கணம் சாயும்.

முதல் பிரிப்பு, எதிரியின் தாக்குதலால் இழந்ததையும் தானாக விழுந்ததையும் வேறாக்குவது. விபத்து வீதம் என்று படைகள் வெளியிடும் எண்ணில் சுட்டு வீழ்த்தப்பட்டவை சேராது. 1995 ஏப்ரல் 28, 29 ஆகிய இரு நாட்களில் பலாலிப் பக்கம் விழுந்த இரண்டு அவ்ரோ போக்குவரத்து விமானங்களும் ஏவுகணைக்கு இரையானவை. அவை விபத்துப் பட்டியலுக்குள் வராது. 2001 ஜூலை 24 கட்டுநாயக்காவிலும் 2007 ஒக்டோபர் 22 அநுராதபுரத்திலும் தாக்குதலில் தரையில் நின்றபடி அழிந்தவையும் வராது. 1998 செப்டெம்பர் 29 அன்று பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்டு இரணைதீவுக் கடலில் 55 பேரோடு போன லயன் எயார் அன்ரனோவ், இரண்டு காரணங்களால் வெளியே நிற்கிறது: அது பயணிகள் விமானம், அதுவும் சுடப்பட்டது. பட்டியலில் இடமில்லை என்பதால் அந்த 55 பேரும் குறைந்தவர்கள் ஆகிவிடுவதில்லை. அவர்களுக்கான கணக்குக் கொப்பி வேறு.

இந்தப் பிரிப்பு சொல்லும் அளவுக்கு இலகுவில்லை. ஒரே விமானம் விழுந்ததற்கு ஒரு வானொலியில் "தொழில்நுட்பக் கோளாறு", மற்ற வானொலியில் "சுட்டு வீழ்த்தப்பட்டது" என்று கேட்ட ஊர் இது. அப்படியானவற்றுக்கு மூன்றாவது நிரல் ஒன்று போட்டு, "தீராதது" என்று எழுதுங்கள். பிறகு அவற்றைச் சேர்த்து ஒருமுறையும் விட்டு ஒருமுறையும் கணக்கிடுங்கள். இரண்டு விடைகளும் ஒரே கதையைச் சொன்னால் தர்க்கமே தேவையில்லை.

இரண்டாவது பிரிப்பு, எவ்வளவு பெரியது என்பது. அமெரிக்கப் படைகள் ஏ வகுப்பு விபத்து என்று ஒன்றை வைத்திருக்கின்றன: உயிரிழப்பு அல்லது நிரந்தர முழு ஊனம், அல்லது விமானம் அழிதல், அல்லது குறித்த தொகைக்கு மேல் சேதம். அந்தத் தொகை 1989 இலிருந்து 10 இலட்சம் டொலர், 2010 நிதியாண்டிலிருந்து 20 இலட்சம், 2020 இலிருந்து 25 இலட்சம். எல்லைக்கோட்டை உயர்த்திய ஆண்டில் விபத்து குறைந்ததுபோலத் தெரியும். வானத்தில் எதுவும் மாறியிருக்காது. எதிர்ப்பக்கமும் உண்டு. இன்றைய போர் விமான இயந்திரங்களின் விலைக்கு, ஒரு பறவை உள்ளே போனாலே அது ஏ வகுப்பு ஆகிவிடலாம். நீண்ட கால ஒப்பீட்டுக்கு நான் பணக் கணக்கை விட்டுவிட்டு "அழிந்த விமானங்கள்" என்ற எண்ணைத்தான் எடுப்பேன். விமானம் அழிந்ததா இல்லையா என்பதில் பணவீக்கத்துக்கு வேலையில்லை.

படி 2: பட்டியல் போடுதல்

ஒரு வரிக்கு ஒரு நிகழ்வு. திகதி, இடம், விமான வகை, என்ன பணி, பறப்பின் எந்தக் கட்டம் (புறப்பாடு, பறப்பு, தரையிறக்கம்), அழிந்த விமானங்கள், இறந்தவர்கள், வகைப்பாடு. இவ்வளவும் நிரல்கள்.

நிகழ்வு வேறு, விமானம் வேறு, உயிர் வேறு. 2011 மார்ச் 1 அன்று விமானப்படையின் 60 ஆவது ஆண்டு நிறைவுக்கான ஒத்திகையில் இரண்டு கிபிர் விமானங்கள் கம்பஹாப் பக்கம் வானில் மோதின. ஒரு விமானி இறந்தார். நிகழ்வு 1, விமானம் 2, உயிர் 1. பின்னால் வரும் கணக்கு நிகழ்வுகள் ஒன்றையொன்று சாராதவை என்று எடுத்துக்கொள்கிறது. மோதிய இரண்டு விமானங்களை இரண்டு நிகழ்வாக எழுதினால் அந்த எடுகோள் அங்கேயே உடையும்.

இன்னும் சில வரிகளை மாதிரிக்குத் தருகிறேன். 2020 ஜனவரி 3, ஹப்புத்தளை, வை-12 (இலகு போக்குவரத்து விமானம்), நால்வர் இறப்பு. 2020 டிசெம்பர் 15, கந்தளாய்ப் பக்கம், பி.ரி-6 (பயிற்சி விமானம்), பயிலுநர் விமானி இறப்பு. 2023 ஓகஸ்ட் 7, திருகோணமலை சீனன்குடா, பி.ரி-6, இருவர் இறப்பு. 2025 மார்ச் 21, வாரியபொல, கே-8 (பயிற்சி ஜெட்), இருவரும் குதித்துத் தப்பினர். பிறகு அந்த இரண்டு பெல் 212.

செய்தித்தாளை வைத்துப் பட்டியல் போடுபவருக்கு ஓர் எச்சரிக்கை. உயிர் போனது முதல் பக்கத்தில் வரும். ஓடுபாதையில் சக்கரம் உடைந்தது வரவே வராது. ஆகவே பத்திரிகைப் பட்டியலை "உயிரிழப்பு விபத்து" அல்லது "விமானம் அழிந்த விபத்து" என்று குறுக்கிக்கொள்ளுங்கள். ஏவியேஷன் சேஃப்டி நெட்வொர்க் போன்ற தரவுத்தளங்களில் இராணுவ விமானங்களும் இருக்கின்றன. உங்கள் பட்டியலை அதோடு ஒத்துப்பாருங்கள்.

படி 3: ஏக்கர் எங்கே?

இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் காலபோகம் செய்தவரிடம் "எத்தனை மூடை?" என்று கேட்டால், "மொத்தமாவோ, ஏக்கருக்கோ?" என்று திருப்பிக் கேட்பார். ஐம்பது ஏக்கர் செய்தவருக்கு ஆயிரம் மூடையும் இரண்டு ஏக்கர் செய்தவருக்கு அறுபது மூடையும் கிடைத்தால், நல்ல விளைச்சல் யாருக்கு என்று சொல்ல வன்னியில் எவருக்கும் கணித வாத்தியார் தேவையில்லை. விமானத்தில் ஏக்கர் என்பது பறப்பு மணி. மேலே போட்ட பட்டியல் மூடைக் கணக்கு மட்டும். தொகுதியெண் இருக்கிறது, பகுதியெண் இல்லை.

உலகில் பெரும்பாலும் ஓர் இலட்சம் பறப்பு மணிக்கு எத்தனை என்று சொல்வார்கள். அமெரிக்க வழக்கம் அது. இந்திய விமானப்படைக் கணக்கு 10,000 மணிக்கு. இரண்டையும் பக்கத்தில் வைக்குமுன் பத்தால் பெருக்க வேண்டும். இதில் தடுக்கி விழுந்த கட்டுரைகளைக் கண்டிருக்கிறேன்.

பகுதியெண்ணாக விமானங்களின் எண்ணிக்கையைப் போடுவது இன்னொரு பொறி. 2012 இல் இந்தியப் பாதுகாப்பு அமைச்சர் அந்தோணி நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்கு: வாங்கிய மிக் போர் விமானங்கள் 872, விபத்துகள் 482. உடனே "பாதிக்கு மேல் விழுந்தது" என்பார்கள். ஆனால் இது அரை நூற்றாண்டுக் கணக்கு. ஐந்து ஆண்டு பறந்து அருங்காட்சியகத்துக்குப் போன விமானத்தையும், ஐம்பது ஆண்டு தினமும் பறந்த விமானத்தையும் இந்தப் பின்னத்தால் ஒப்பிட முடியாது. மிக்-21 1963 இல் வந்து 2025 செப்டெம்பர் 26 இல்தான் விடைபெற்றது.

பறப்பு மணியும் முழு நீதியான பகுதியெண் இல்லை. ஆபத்து அதிகம் புறப்பாட்டிலும் இறக்கத்திலும்தான். சரக்கு விமானம் ஐந்து மணி நேரம் பறந்து ஒரு தரம் இறங்கும். பயிற்சி விமானம் ஒரு மணி நேரத்தில் ஓடுபாதையைச் சுற்றிச் சுற்றி ஐந்தாறு தரம் தொட்டெழும்பும். ஆகவே வகைகளுக்கிடையே ஒப்பிடும்போது கிடைத்தால் பறப்புகளின் எண்ணிக்கையையும் எடுங்கள். ஒரே வகையை ஆண்டுக்காண்டு பார்ப்பதற்கு மணி போதும்.

படி 4: வகுத்தல்

இது ஒரு வரி வேலை. விபத்தை மணியால் வகுத்து இலட்சத்தால் பெருக்குங்கள். மேற்கு ஜேர்மனி எஃப்-104 ஸ்டார்ஃபைற்றர் போர் விமானங்கள் 916 வாங்கி 292 ஐ இழந்தது. பறந்தது ஏறத்தாழ 20 இலட்சம் மணி. 292 ஐ 20 ஆல் வகுத்தால் இலட்சம் மணிக்கு 14.6. அமெரிக்க விமானப்படையில் இதே விமானத்தின் வாழ்நாள் விபத்து வீதம் 30 ஐத் தாண்டியது. எஃப்-16 போர் விமானத்தின் வாழ்நாள் வீதம் 3 க்கும் 4 க்கும் இடையில். அமெரிக்க விமானப்படை முழுவதையும் எடுத்தால், 1947 இல் 40 ஐத் தாண்டியிருந்த வீதம் இந்த நூற்றாண்டில் 1, 2 என்ற அளவில் நிற்கிறது.

பெரும்பாலானவர்கள் இங்கேயே பேனையை மூடிவிடுவார்கள். உண்மையான வேலை இனித்தான்.

படி 5: குதிரை உதை

விபத்து அரிதானது, எப்போது வரும் என்று தெரியாது, ஆனால் நீண்ட காலத்தில் ஒரு சராசரி இருக்கும். இப்படியான எண்ணிக்கைக்குப் பொருந்துவது புவசோன் பரம்பல் (Poisson) என்ற நிகழ்தகவுச் சூத்திரம். 1898 இல் போர்ட்கியேவிச் என்பவர் பிரஷ்ய இராணுவத்தில் குதிரை உதைத்து இறந்த வீரர்களின் எண்ணிக்கையை இதற்குப் பொருத்திக் காட்டினார். 10 படைப்பிரிவுகள், 20 ஆண்டுகள், ஆக 200 பதிவுகள், மொத்த இறப்பு 122, இடை (சராசரி) 0.61. ஒருவரும் இறக்காத பதிவுகள் 109, ஒருவர் இறந்தவை 65, இருவர் 22, மூவர் 3, நால்வர் 1. சூத்திரம் எதிர்பார்ப்பது முறையே 108.7, 66.3, 20.2, 4.1, 0.6. பிள்ளைகள் இதைக் கல்குலேட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். குதிரைக்குச் சூத்திரம் தெரியாதே!

அந்த நால்வர் இறந்த பதிவைக் கவனியுங்கள். அன்று அந்தப் பிரிவில் இருந்தவர்கள் கட்டாயம் "எங்கள் குதிரைகளுக்கு என்ன வந்தது" என்று விசாரணை வைத்திருப்பார்கள். கணக்கின்படி 200 பதிவில் அப்படி ஒன்று வருவதில் அதிசயமில்லை.

உங்கள் தரவு புவசோனுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கக் குறுக்குவழி ஒன்று: ஆண்டு எண்ணிக்கைகளின் இடையையும் மாறற்றிறனையும் (எண்கள் இடையிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு, variance) கணியுங்கள். இரண்டும் கிட்டத்தட்டச் சமன் என்றால் சரி. மாறற்றிறன் மிகப் பெரிதாக வந்தால் ஏதோ ஒன்று ஆண்டுகளை வேறுபடுத்துகிறது: போர்க்காலம், பறப்பு மணி ஏறி இறங்கியது, புதிய விமான வகை வந்தது. அப்போது தரவைத் துண்டாக்கித்தான் பார்க்க வேண்டும்.

படி 6: ஆயிடை இல்லாமல் வீதம் எழுதாதே

ஒரு எண்ணிக்கைக்குப் பின்னால் இருக்கக்கூடிய உண்மையான சராசரி எவ்வளவு? அது எந்த எல்லைகளுக்கு இடையில் இருக்கலாம் என்று சொல்வதுதான் ஆயிடை. 95% நம்பிக்கை ஆயிடைகளைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்:

0 விபத்து: 0 முதல் 3.69 வரை
1 விபத்து: 0.03 முதல் 5.57 வரை
2 விபத்து: 0.24 முதல் 7.22 வரை
3 விபத்து: 0.62 முதல் 8.77 வரை
5 விபத்து: 1.62 முதல் 11.67 வரை
10 விபத்து: 4.80 முதல் 18.39 வரை

எக்செலில் வேறு எண்களுக்கு எடுக்கக் கைவர்க்கப் பரம்பலின் (chi-square) நேர்மாறுச் சார்பு CHISQ.INV உதவும். கீழெல்லைக்கு நிகழ்தகவு 0.025, சுயாதீனப் படி (degrees of freedom) விபத்தெண்ணின் இரு மடங்கு. மேலெல்லைக்கு 0.975, சுயாதீனப் படி விபத்தெண்ணோடு ஒன்று கூட்டி இரு மடங்கு. வரும் விடைகளை இரண்டால் வகுக்க வேண்டும். எண்ணிக்கை பெரிதானால் இந்த வேலையே வேண்டாம்: வர்க்கமூலத்தை எடுத்து 1.96 ஆல் பெருக்கிக் கூட்டிக் கழித்தால் போதும். ஜேர்மனியின் 292 க்கு அது 33 அளவில் வரும், வீதம் 12.9 இலிருந்து 16.3 வரை. இறுக்கமான ஆயிடை. இரண்டு விபத்தின் ஆயிடையைப் பாருங்கள்: மேலெல்லை கீழெல்லையின் முப்பது மடங்கு. அதை வைத்து ராசி பார்க்க ஏலாது.

படி 7: இரண்டு படைகளை ஒப்பிடுதல்

கணக்குக்காக இரண்டு படையணிகளைக் கற்பனை செய்வோம். முதலாவது 40,000 மணியில் 7 விபத்து, வீதம் 17.5. இரண்டாவது 30,000 மணியில் 2 விபத்து, வீதம் 6.7. "இரண்டரை மடங்கு ஆபத்து" என்று தலைப்புப் போட்டுவிடலாம்.

நிறுத்தி இப்படிக் கேளுங்கள். இரண்டு அணிகளின் உண்மையான ஆபத்தும் ஒன்றே என்றால், மொத்தம் 9 விபத்தில் ஒவ்வொன்றும் இரண்டாவது அணிக்கு விழும் நிகழ்தகவு அதன் மணிப் பங்கு, அதாவது ஏழில் மூன்று. ஒன்பதில் இரண்டோ அதற்குக் குறைவோ அதன் பக்கம் விழ நிகழ்தகவு என்ன? ஈருறுப்புப் பரம்பல், உயர்தரப் பிள்ளைக்கு ஐந்து நிமிட வேலை: 0.0065, 0.0438, 0.1315, கூட்டினால் 0.18. ஐந்தரைத் தரத்துக்கு ஒருமுறை வெறும் எழுமாற்றாலேயே (தற்செயலாலேயே) இப்படி வரும். தலைப்பை வெட்டுங்கள்.

படி 8: ஸ்பெயினின் பூச்சியம்

இந்தப் பாடத்தில் எனக்குப் பிடித்த இடம். ஸ்பெயின் அதே ஸ்டார்ஃபைற்றரில் 21 ஐ வைத்து, 1965 முதல் 1972 வரை 17,000 மணிக்கு மேல் பறந்து, ஒன்றைக்கூட இழக்கவில்லை. ஜேர்மனியில் 116 விமானிகளைக் கொன்ற அதே விமானம். "ஸ்பெயின்காரர் கெட்டிக்காரர்" என்று அன்றிலிருந்து சொல்கிறார்கள்.

ஜேர்மனியின் வீதமான 14.6 இல் 17,000 மணி பறந்தால் எதிர்பார்க்கும் இழப்பு 2.48. அப்படியிருந்தும் பூச்சியம் வர நிகழ்தகவு, புவசோன் சூத்திரப்படி 2.718 இன் மறை 2.48 ஆம் அடுக்கு: 0.084. பன்னிரண்டில் ஒன்று. அபூர்வம்தான், ஆனால் நடக்காத காரியமில்லை. அமெரிக்க வீதமான 30 ஐப் போட்டால் நிகழ்தகவு நூற்றில் ஒன்றுக்கும் கீழே போய்விடும். ஆக ஸ்பெயின் அமெரிக்கரைவிட மேல் என்று துணிந்து சொல்லலாம். ஜேர்மனியைவிட மேல் என்று இந்தத் தரவால் மட்டும் அடித்துச் சொல்ல முடியாது. அப்படியே மேல் என்றாலும் காரணம் விமானியா? ஸ்பெயினில் அது தெளிவான வானத்தில் உயரப் பறந்து இடைமறிக்கும் விமானம். ஜேர்மனியில் முகிலும் மழையுமான வானத்தில் தாழப் பறந்து குண்டு போடும் வேலை. விமானம் ஒன்று, வேலை இரண்டு. படி 2 இல் "என்ன பணி" என்று நிரல் போடச் சொன்னது இதற்குத்தான்.

பூச்சியத்துக்கு ஒரு கைவைத்தியம் உண்டு: 3 ஐ மணியால் வகுங்கள் (மேலெல்லையை மட்டும் 95% க்குப் பார்ப்பதால் படி 6 இன் 3.69 க்குப் பதில் 3). 17,000 மணியில் பூச்சியம் என்றால் உண்மை வீதம் இலட்சத்துக்கு 17.6 வரை இருக்கலாம். இதைத் திருப்பிப் போட்டால், "என் வீதம் 2 க்குக் கீழ்" என்று விபத்தே இல்லாமல் நிறுவ 1,50,000 மணி பறக்க வேண்டும். ஆண்டுக்கு 10,000 மணி பறக்கும் படைக்குப் பதினைந்து ஆண்டுகள். சிறிய படைகள் பெரிய விபத்துகளை மட்டும் எண்ணித் தங்களை அறிய முடியாது. சிறு சேதங்களையும் மயிரிழையில் தப்பியதையும் எண்ண வேண்டும். அமெரிக்காவில் 2013 முதல் 2020 வரை ஆறாயிரத்துக்கு மேற்பட்ட இராணுவ விமான விபத்துகளில் 224 பேர் இறந்து 186 விமானங்கள் அழிந்ததாக ஓர் ஆணைக்குழு 2020 டிசெம்பரில் அறிக்கை கொடுத்தது. அந்த ஆறாயிரத்தில் மிகப் பெரும் பங்கு சிறியவை. பாடம் படிக்க அவற்றில்தான் தரவு கிடைக்கும்.

பெடியனின் கேள்விக்கு

ஒரு படைக்கு ஆண்டுச் சராசரி 1.5 விபத்து என்று வைப்போம். ஓர் ஆண்டில் நான்கோ அதற்கு மேலோ வர நிகழ்தகவு 0.066. சிறியதுதான். ஆனால் பத்து ஆண்டுகளில் ஒரு தடவையாவது அப்படி ஓர் ஆண்டு வர நிகழ்தகவு 0.49. ஏறக்குறைய காசு சுண்டுவது போல. ராசி கெட்ட ஆண்டு என்று ஊர் சொல்லும் ஆண்டு, ஒன்றுமே கெடாமலும் வரும். அப்படி வந்த அடுத்த ஆண்டில் எண்ணிக்கை தானாக இறங்கும். அதற்குள் யாராவது ஒரு புதிய விதி கொண்டுவந்திருந்தால் பெயர் அவருக்குப் போகும்.

இதைக் கேட்டதும் அவன் விடவில்லை. "அப்ப சேர், ஹெலி நல்லதெண்டு சொல்லுறீங்களோ?" இல்லை. கெட்டது என்று காட்ட இரண்டு போதாது. நல்லது என்று காட்டவும் போதாது. ஒவ்வொரு விபத்துக்கும் இயந்திரவியல் விசாரணை கட்டாயம் வேண்டும், அதற்குப் புள்ளிவிபரம் மாற்றில்லை. புவசோன் எத்தனை என்று சொல்லும், ஏன் என்று சொல்லாது.

"மணிக்கணக்கை ஆரிட்டக் கேக்கிறது?" என்பது அடுத்த கேள்வி. அதுதான் கடைசிப் படி. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை, 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தேசிய பாதுகாப்பைக் காட்டி மறுக்கவும் சட்டத்தில் இடமுண்டு. ஆகவே கேள்வியைச் சுருக்கமாக வையுங்கள்: எந்த முகாம், எந்த அணி, எத்தனை விமானம் என்று கேட்காதீர்கள். வகை வாரியாக, ஆண்டு வாரியாக மொத்தப் பறப்பு மணி, அதுவும் முடிந்துபோன ஆண்டுகளுக்கு மட்டும். மறுத்தால் மேன்முறையீட்டுக்கும் இடமிருக்கிறது.

அவன் கொப்பியைக் கிழித்து அங்கேயே எழுதினான். முதல் வரைவில் "விழுந்த ஹெலிகளின் விபரம்" என்று இருந்தது. வெட்டிவிட்டு "பறந்த மணிகளின் விபரம்" என்று மாற்றினான். சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் தபாற்கந்தோர் பூட்டுமுன் சைக்கிளில் ஓடினான்.